போஸ்பரஸுக்கு அடியில் ஓடும் ரயில்: நிலநடுக்கம் வந்தால் சுரங்கம் என்ன ஆகும்?

2025 ஏப்ரல் 23 அன்று மர்மரா கடலுக்கடியில் 6.2 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. துருக்கியின் இஸ்தான்புல் மக்கள் வீடுகளை விட்டு வெளியேறித் தெருக்களிலும் பூங்காக்களிலும் கூடினார்கள். அந்த நகரத்தில் ஐரோப்பாவையும் ஆசியாவையும் போஸ்பரஸ் நீரிணைக்கு அடியில் இணைக்கும் மர்மரே ரயில் சுரங்கம் இருக்கிறது. அதன் மிகத் தாழ்ந்த பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 60 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. நிலநடுக்கங்களுக்குப் பேர்போன வடக்கு அனதோலிய நிலப்பிளவு அங்கிருந்து ஏறக்குறைய 20 கி.மீ. தொலைவில்தான் மர்மரா கடலுக்குள் செல்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் சேற்றுக்குள் சுரங்கம் போட யாருக்குத் துணிச்சல் வந்தது என்று கேட்கத் தோன்றும்.

துணிச்சலில் பெரும்பங்கு மண் பரிசோதனையிலிருந்து வந்தது. சுரங்கம் என்றதும் செய்திகள் ராட்சத இயந்திரத்தையும் கான்கிரீட் வளையங்களையும் காட்டுகின்றன. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே சிறிய துளைகளைப் போட்டு மண்ணை வெளியே எடுத்துப் பார்த்தவர்களை யாரும் படம் எடுப்பதில்லை. நிலநடுக்கப் பகுதியில், அதுவும் மிருதுவான மண்ணில், சுரங்கத்தின் தலையெழுத்தை எழுதுகிறவர்கள் அவர்கள்தான்.

சுரங்கம் தானாக ஆடுவதில்லை

கட்டடமும் சுரங்கமும் நிலநடுக்கத்தை எதிர்கொள்ளும் விதம் வேறு. ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். பிரேக் போட்டால் கால் பஸ்ஸோடு நின்றுவிடுகிறது, உடல் முன்னே போகிறது. கட்டடத்தின் நிலை அது. அதே பஸ்ஸில் நான்கு பக்கமும் ஆட்கள் நெருக்க, நடுவில் சிக்கிக்கொண்டவர்தான் சுரங்கம். அவரால் தனியாக ஆட முடியாது. கூட்டம் சாயும் பக்கம் அவரும் சாய்வார்.

இதனால் சுரங்கங்கள் பொதுவாகக் கட்டடங்களைவிட நன்றாகத் தப்பிக்கின்றன. 1985 செப்டம்பர் 19 அன்று மெக்ஸிகோ நகரில் நூற்றுக்கணக்கான கட்டடங்கள் விழுந்தபோதும் மெட்ரோ சுரங்கங்கள் பெரிய சேதமின்றி நின்றன. 1989 அக்டோபர் 17 அன்று சான் பிரான்சிஸ்கோ வட்டாரம் குலுங்கியபோது வளைகுடாவைக் கடக்கும் பே பாலத்தின் மேல்தளத்தில் ஒரு பகுதி விழுந்து, பாலம் ஒரு மாதம் மூடப்பட்டது. வளைகுடாவுக்கு அடியில் சேற்றில் பதித்த 5.8 கி.மீ. நீள ரயில் சுரங்கம் சில மணி நேரத்திலேயே பயணிகளை ஏற்றிச் சென்றது.

இந்தப் பெருமையை நம்பி நிம்மதியாக இருந்தவர்களை எழுப்பியது 1995 ஜனவரி 17. அன்று அதிகாலை 5.46-க்கு ஜப்பானின் கோபே நகரில், 1960-களில் கட்டப்பட்ட டைகாய் சுரங்க ரயில் நிலையத்தின் நடுத்தூண்கள் நொறுங்கின. கூரை உட்கார்ந்தது. மேலே இருந்த சாலை 2.5 மீட்டர்வரை இறங்கியது. தூண்கள் மேலிருக்கும் பாரத்தைத் தாங்கப் போதுமானவையாகத்தான் இருந்தன. பக்கவாட்டில் இழுபடுவதைத் தாங்கும் வளையக் கம்பிகள்தான் அவற்றில் மிகக் குறைவு.

கூட்டம் சாயும் பக்கம் சாய்வது சரி. எவ்வளவு தூரம் சாய வேண்டியிருக்கும்? மண் பரிசோதனையிடம் வடிவமைப்பாளர் கேட்கும் முதல் கேள்வி இது.

மண் சுரங்கத்தை என்ன செய்யும்?

நிலநடுக்கத்தில் சுரங்கத்துக்கு வரும் தொல்லைகளை மூன்றாகப் பிரிக்கிறார்கள்.

1. நீளவாக்கில் இழுத்தலும் வளைத்தலும். அலை சுரங்கத்தின் வழியே போகும்போது ஒரு பகுதி இடப்பக்கமும் அடுத்த பகுதி வலப்பக்கமும் நகர்கின்றன. சுரங்கம் பாம்பைப்போல நெளிய வேண்டியிருக்கிறது.

2. குறுக்குவெட்டு கோணுதல். மேல் மண் ஒரு பக்கமும் கீழ் மண் மறுபக்கமும் போனால் சதுரப் பெட்டி சாய்சதுரமாகும், வட்டக் குழாய் முட்டை வடிவமாகும். டைகாயில் நடந்தது இதுதான்.

3. மண்ணே கைவிடுதல். மணல் திரவமாகலாம், சரிவு நழுவலாம், நிலப்பிளவு நேராகச் சுரங்கத்தை வெட்டலாம். முதல் இரண்டையும் கம்பியும் மூட்டுகளும் போட்டுச் சமாளிக்கலாம். மூன்றாவதற்குக் கான்கிரீட்டில் விடை கிடையாது. மண்ணைத் திருத்த வேண்டும், அல்லது பாதையை மாற்ற வேண்டும்.

இரண்டாவதற்கு ஒரு சின்னக் கணக்கு போடலாம். நிலநடுக்கத்தில் நிலம் நகரும் உச்ச வேகத்தை, மண்ணில் குறுக்கலை பரவும் வேகத்தால் வகுத்தால் மண் எவ்வளவு கோணும் என்று தோராயமாகத் தெரியும். குறுக்கலை என்பது மண்ணைப் பக்கவாட்டில் உலுக்கியபடி செல்லும் அலை. கடினப் பாறையில் அது நொடிக்கு 1,000 மீட்டருக்கு மேல் ஓடும். சேற்றுக் களியில் 150 மீட்டர்கூட ஓடாது. நிலம் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் நகர்கிறது, மண்ணில் அலைவேகம் 150 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கோணல் 250-இல் ஒரு பங்கு. 7 மீட்டர் உயரப் பெட்டியின் கூரை, தரையை விட்டு 2.8 செ.மீ. விலகும். பாறையில் அதே பெட்டி சில மில்லிமீட்டர்தான் விலகும். உண்மையில் பலத்த குலுக்கலின்போது மண் இன்னும் இளகி அலைவேகம் குறையும், கோணல் அதிகமாகும். வளையக் கம்பி குறைவான தூணை முறிக்க இந்தச் செ.மீ. கணக்கே போதும்.

தூரத்து நிலநடுக்கமும் கிட்டத்துச் சேறும்

மிருதுவான மண் நிலநடுக்கத்தைப் பெருக்கவும் செய்யும். ஒவ்வொரு மண்படுகைக்கும் ஊஞ்சலைப்போலத் தனக்கென ஓர் ஆட்டக் காலம் உண்டு. படுகையின் ஆழத்தை நான்கால் பெருக்கி அலைவேகத்தால் வகுத்தால் அது கிடைக்கும். மெக்ஸிகோ நகரத்தின் ஒரு பகுதி பழைய டெஸ்கோகோ ஏரியின் களிமண்மேல் நிற்கிறது. களியின் ஆழம் 40 மீட்டர், அலைவேகம் நொடிக்கு 80 மீட்டர் என்று வைத்தால் விடை 2 விநாடி. 1985 நிலநடுக்கத்தின் மையம் 350 கி.மீ.க்கும் அப்பால் பசிபிக் கரையில் இருந்தது. அவ்வளவு தூரம் வந்து களைத்த அலைகளில் இந்த 2 விநாடித் தாளத்தைக் களிமண் மட்டும் பிடித்துக்கொண்டு ஆடியது. அதன் மேலிருந்த நடுத்தர உயரக் கட்டடங்களும் அதே தாளத்துக்கு அசைபவை. பாறைமேல் நின்ற பகுதிகளுக்குச் சேதம் மிகக் குறைவு.

ஆகவே ‘இந்த ஊர் எந்த நிலநடுக்க மண்டலத்தில் இருக்கிறது’ என்ற கேள்வி பாதிக் கேள்விதான். வரைபடத்தில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு தெருக்கள் இரண்டு விதமாக ஆடலாம்.

மண்ணைப் பேசவைப்பது எப்படி?

நம் ஊரில் மெட்ரோ வரவிருக்கும் சாலைகளின் ஓரத்தில், மூன்று கால் இரும்புச் சட்டமும் வின்ச்சும் வைத்துச் சிலர் துளை போடுவதைப் பார்த்திருக்கலாம். அங்கே நடக்கும் சோதனை உலகெங்கும் ஒன்றுதான். துளையின் அடியில் ஒரு கனமான குழாயை வைக்கிறார்கள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் 15 செ.மீ. இடைவெளியில் சாக்கட்டியால் மூன்று கோடுகள் போடுகிறார்கள். 63.5 கிலோ சம்மட்டியை 76 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவைத்து, ஒவ்வொரு கோடும் இறங்க எத்தனை அடி என்று எண்ணுகிறார்கள். முதல் 15 செ.மீ. கணக்கில் சேராது, ஏனென்றால் துளையின் அடிமண் ஏற்கெனவே கலைந்திருக்கும். மீதி 30 செ.மீ.க்கான அடிகளின் எண்ணிக்கைதான் ‘N மதிப்பு’. 10-க்குக் கீழே வந்தால் மணல் தளர்ச்சி. 30-ஐத் தாண்டினால் நன்றாக இறுகிய மணல்.

நூற்றாண்டு பழைய முறை. முரட்டு முறையும்கூட. சம்மட்டியைத் தூக்கும் கயிறு உருளையில் எத்தனை சுற்றுச் சுற்றியிருக்கிறது என்பதைப் பொறுத்துக்கூட எண் மாறும். இதனால் சம்மட்டியின் ஆற்றலில் எத்தனை சதவீதம் கம்பிக்குப் போய்ச் சேர்கிறது என்று அளந்து திருத்தம் செய்ய வேண்டும். இன்னொரு பிழை கண்ணுக்கே தெரியாது. துளைக்குள் இருக்கும் நீரின் மட்டம் வெளியே உள்ள நிலத்தடி நீர்மட்டத்தைவிடக் கீழே இறங்கிவிட்டால், வெளிநீர் அடிவழியாகப் பாய்ந்து மணலைப் பொங்கவைக்கும். இறுகியிருந்த மணல் தளர்ந்த மணலாகக் கணக்கில் ஏறும். அறிக்கையில் அச்சடித்த ‘7’ என்ற எண்ணைப் பார்ப்பவருக்கு அது மண்ணின் குணமா, தண்ணீர் ஊற்ற மறந்த பிற்பகலின் குணமா என்று தெரியாது. அறிக்கையை எழுதுகிறவர் களத்தில் நின்றாரா என்பது முக்கியமாவது இதனால்தான்.

ஒரு சோதனையை மட்டும் நம்பக் கூடாது என்பதால் மற்றவையும் கூடவே வருகின்றன:

1. கூம்பு அழுத்தச் சோதனை. 60 பாகைக் கூர்முனையும் 10 சதுர செ.மீ. குறுக்குப் பரப்பும் கொண்ட எஃகுக் கூம்பை நொடிக்கு 2 செ.மீ. வேகத்தில் மண்ணுக்குள் அழுத்துகிறார்கள். முனையின் எதிர்ப்பு, பக்க உராய்வு, மண்ணிடுக்கில் உள்ள நீரின் அழுத்தம் மூன்றும் தொடர்ச்சியாகப் பதிவாகும். சில செ.மீ. தடிமனுள்ள மணல் கீற்றையும் இது காட்டிக்கொடுக்கும். சம்மட்டிச் சோதனை அதைத் தாண்டிப் போய்விடும்.

2. அலைவேகச் சோதனை. தரையில் ஒரு மரப்பலகையை வைத்து, அசையாதிருக்க அதன்மேல் வண்டிச் சக்கரத்தை ஏற்றி, பலகையின் ஓர் ஓரத்தைப் பக்கவாட்டில் சம்மட்டியால் அடிக்கிறார்கள். துளைக்குள் தொங்கும் கருவி அலை வந்த நேரத்தைக் குறிக்கிறது. பிறகு மறு ஓரத்தில் அடி. இரண்டு பதிவுகளும் கண்ணாடிப் பிம்பம்போலத் திரும்பியிருந்தால் வந்தது குறுக்கலைதான் என்று உறுதி. முன்னே போட்ட கணக்குகளுக்கெல்லாம் ஆதாரமான எண் இந்தப் பலகை அடியில்தான் பிறக்கிறது.

3. ஆய்வகச் சோதனை. களிமண்ணை மெல்லிய குழாயில் எடுத்து, மெழுகால் அடைத்து, ஈரம் போகாமல் கொண்டுவந்து, இயந்திரத்தில் முன்னும் பின்னும் அழுத்திப் பார்க்கலாம். மணலிடம் இது நடக்காது. குழாயை வெளியே எடுக்கும்போதே பருக்கைகளின் அடுக்கு கலைந்துவிடும். கலையாத மணல் வேண்டுமென்றால் நிலத்தையே உறையவைத்து வெட்டி எடுக்க வேண்டும். செலவு கட்டுப்படியாகாது. மணலைப் பொறுத்தவரை களச் சோதனைகளை அதிகம் சார்ந்திருப்பதன் காரணம் இதுதான்.

படியைத் தட்டினால் அரிசி இறங்கும்

அரிசி அளக்கும்போது படியைத் தட்டினால் அரிசி இறுகி மேலே இடம் கிடைக்கும். தளர்ந்த மணலைக் குலுக்கினாலும் அதேதான். ஆனால் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே பருக்கைகளின் இடுக்குகளில் காற்றுக்குப் பதில் நீர் இருக்கிறது. நீர் வெளியேறினால்தான் மணல் இறுக முடியும். சில விநாடிகளில் அது எங்கே வெளியேறும்? மேலிருக்கும் பாரம் முழுவதும் பருக்கைகளிலிருந்து நீரின் தலைக்கு மாறுகிறது. பருக்கைகள் ஒன்றையொன்று தொடாமல் நீரில் மிதக்கின்றன. மணல் திரவமாதல் என்பது இதுதான்.

1964 ஜூன் 16 அன்று ஜப்பானின் நிகாட்டா நகரில் அடுக்குமாடிக் கட்டடங்கள் சுவர்கூட விரியாமல் முழுதாக மல்லாந்து சாய்ந்தன. அதே நேரத்தில் மண்ணுக்குள் புதைத்திருந்த தொட்டிகள் மேலே கிளம்பி வந்தன. கனமானது மூழ்கியது, வெற்றிடம் உள்ளது மிதந்தது.

சுரங்கம் இரண்டாவது வகை. கடலடியில் இறக்கும் சுரங்கக் கூடு, தண்ணீரைவிடச் சற்றே கனமாக இருக்கும்படி வடிவமைக்கப்படுகிறது. நீரில் அது மூழ்கும். திரவமான மணலோ தண்ணீரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அடர்த்தி கொண்ட குழம்பு. நீரில் மூழ்கியது இந்தக் குழம்பில் மிதக்கப் பார்க்கும். கூடு உடைய வேண்டியதில்லை. ஒரு பகுதி சில செ.மீ. எழும்பினாலே மூட்டு வாய்விடும், அதற்குமேல் கடல்.

மர்மரேவில் கவலை இதுதான். கடலுக்கடியில் 1.4 கி.மீ. நீளத்துக்கு 11 கான்கிரீட் கூடுகளை, பெரும்பாலானவை 135 மீட்டர் நீளமுள்ளவை, கரையில் செய்து, மிதக்கவைத்துக் கொண்டுவந்து, கடல்படுகையில் தோண்டிய பள்ளத்தில் இறக்கினார்கள். போஸ்பரஸில் மேல்நீர் கருங்கடலிலிருந்து தெற்கே ஓடுகிறது, அடிநீர் அதற்கு எதிராக வடக்கே ஓடுகிறது. கூடு இறங்குவதற்கும் சரி, அதற்கு முன் துளை போடுவதற்கும் சரி, இது எளிய இடமல்ல. ஆசியக் கரைப் பக்கத்தில் படுகை மணல் தளர்ந்தது என்பதும், வடிவமைப்புக்கு எடுத்துக்கொண்ட 7.5 அளவு நிலநடுக்கத்தில் அது திரவமாகக்கூடும் என்பதும் முன்கூட்டியே தெரிந்ததால், கூடுகளை இறக்கும் முன் அங்கே மண்ணைத் திருத்தினார்கள். கெட்டியான சிமென்ட் கலவையைக் குழாய்வழி மணலுக்குள் அழுத்தினால் அது மணலோடு கலக்காமல் உருண்டையாகத் திரண்டு சுற்றிலும் நெருக்கும். நிலநடுக்கம் தட்டுவதற்கு முன்பே படியைத் தட்டிவிடுகிற வேலை.

மண் மாறும் இடம்

சராசரி மண் எப்படி என்று கேட்பவர் சுரங்கத்தைப் புரிந்துகொள்ளவில்லை. மண் எந்த இடத்தில் மாறுகிறது என்பதே பெரிய கேள்வி. மர்மரேவின் ஐரோப்பியப் பக்கத்தில் குடைந்தெடுத்த சுரங்கம் திரேஸ் பாறை அடுக்கில் போகிறது. அங்கிருந்து அது கடல்படுகையின் மிருதுவான மண்ணில் கிடக்கும் கூடுகளோடு சேர வேண்டும். பாறை அதிகம் அசையாது, சேறு ஆடும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது மூட்டு. குடைந்த சுரங்கமும் கூடும் சந்திக்கும் இடங்களில் வளைந்து கொடுக்கும் நிலநடுக்க மூட்டுகளை வைத்ததன் காரணம் அதுவே.

அதே துருக்கியில் போலு நெடுஞ்சாலைச் சுரங்கம் இதன் மறுபக்கத்தைக் காட்டியது. சுமார் 3 கி.மீ. நீளமுள்ள அந்த இரட்டைச் சுரங்கத்தின் பாதை, நிலப்பிளவுகள் அரைத்துப் போட்ட களிமண் பட்டைகளைக் குறுக்கே கடக்கிறது. 1999 நவம்பர் 12 அன்று 7.2 அளவு டூஸ்ஜே நிலநடுக்கம் வந்தபோது, எல்மாலிக் வாசல் பக்கத்தில் அப்படிப்பட்ட களியில், இறுதிக் கான்கிரீட் உறை போடாமல் தற்காலிகத் தாங்கலோடு நின்ற பகுதி இடிந்தது. வாகனங்கள் ஓட 2007 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சுரங்கம் கட்டி முடிக்கும்வரை நிலநடுக்கம் காத்திருக்கும் என்று யாரும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளவில்லை.

எத்தனை துளை போதும்?

அமெரிக்காவின் தேசியச் சுரங்கத் தொழில்நுட்பக் குழு 1984-இல் ஓர் அளவு சொன்னது: சுரங்கத்தின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு நீளத்துக்குத் துளைகள் போடுங்கள், திட்டச் செலவில் 3 சதவீதத்தை ஆய்வுக்கு ஒதுக்குங்கள். 10 கி.மீ. சுரங்கத்துக்கு 15 கி.மீ. துளை! கேட்டதும் நிதித்துறை முகம் சுளிக்கும். ஆனால் தோண்டத் தொடங்கிய பிறகு எதிர்பாராத மண் வந்து இயந்திரம் மாதக்கணக்கில் நின்றால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சில்லறை.

துளை போட்டால் மட்டும் போதாது, அடைக்கவும் வேண்டும். சுரங்கப் பாதைக்கு நேர் மேலே போடாமல் சற்றுத் தள்ளிப் போடுவதும், வேலை முடிந்ததும் சிமென்ட் குழம்பால் நிரப்புவதும் வழக்கம். அடைக்காமல் விட்ட துளை, பின்னாளில் இயந்திரம் அடியில் வரும்போது நீர் உள்ளே பாயவும் அழுத்தம் வெளியே பீறிடவும் வழியாகிவிடும். மண்ணை அறியப் போட்ட துளையே மண்ணைக் கெடுத்த கதையாகும்.

கிடைத்த தகவலைக் கொண்டு ‘இன்ன இடத்தில் இன்ன மண் இருக்கும் என்று இரு தரப்பும் ஏற்கிறோம்’ என்ற அடிப்படை அறிக்கையை ஒப்பந்தத்தோடு சேர்ப்பது பல நாடுகளில் நடைமுறை. அதைவிட மோசமான மண் வந்தால் செலவு உரிமையாளருக்கு, இல்லையென்றால் ஒப்பந்ததாரருக்கு. மண்ணைப் பற்றிய அறியாமைக்கும் விலை உண்டு. அதை யார் கொடுப்பது என்று முன்கூட்டியே எழுதிக்கொள்கிறார்கள்.

முடிந்த சுரங்கத்துக்கும் பரிசோதனை

1989-இல் தப்பித்த சான் பிரான்சிஸ்கோ சுரங்கத்துக்குத் திரும்புவோம். அதன் 57 எஃகுக் கூடுகளில் கடைசியை 1969-இல் இறக்கினார்கள். பள்ளத்தில் கூட்டை வைத்த பிறகு சுற்றிலும் மேலேயும் நிரப்பு மண் கொட்டினார்கள். இயற்கையான களிமண்ணைக் கவனமாகப் பார்த்தவர்கள் தாங்கள் கொட்டிய மண்ணை அந்த அளவுக்குச் சந்தேகிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மணல் திரவமாகுமா என்று சம்மட்டி அடிகளின் எண்ணிக்கையிலிருந்து கணக்கிடும் எளிய முறையை அதே கலிபோர்னியாவின் மண் பொறியாளர்கள் சீட், இட்ரிஸ் இருவரும் வெளியிட்டது 1971-இல்.

பின்னர் அந்த நிரப்பு மண் மறு ஆய்வுக்கு வந்தது. பெரிய நிலநடுக்கத்தில் அது திரவமாகிக் கூடுகள் மேலெழும்பலாம் என்று கணக்கு சொன்னது. 2006-இல் ஓக்லாந்து முனையருகே, சுரங்கத்துக்குள் ரயில்கள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்க, அதைச் சுற்றியிருந்த மண்ணை வெளியிலிருந்து இறுக்கும் வேலை தொடங்கியது.